பெருந்தெருவோரப் பூநிலங்கள்

பெருந்தெருக்களின் வரலாற்றை எழுதுவோர் கல்லையும் தாரையும் விரித்துரைப்பர். தெருவுக்கும் வேலிக்கும் இடைப்பட்ட புல்நிலத்தைப் பெரிதும் பேசார். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே அந்நிலம் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் புகலிடமாயினமை, அவற்றைக் கருதாது தொடங்கிய ஒரு முயற்சியின் விளைவாகும்.

1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரெக்சாஸ் மாநிலப் பெருந்தெருத் திணைக்களம் ஜக் கபெல்ஸ் என்னும் நிலவனப்புக் கலைஞரைப் பணிக்கு அமர்த்தியது. பாதுகாப்புக்கு இன்றியமையாத இடங்களிலன்றி, வேனிற் பூக்காலம் முடியுமுன் புல் வெட்டலாகாது என்னும் விதி 1934இல் அங்கு நடைமுறையில் இருந்தது. நோக்கம் கண்ணுக்கினிய காட்சியே. ஆயினும் விதை முற்றி விழுந்த நிலத்தில் மறு ஆண்டும் பூ மலர்ந்தது. பூவை நாடி வண்டும் வந்தது.

சனாதிபதி ஜோன்சனின் துணைவியார் லேடி பேர்ட் அம்மையாரின் ஊக்கத்தால் 1965இல் பெருந்தெரு வனப்புச் சட்டம் நிறைவேறிற்று. அது பெரும்பாலும் விளம்பரப் பலகைகளையும் பழைய இரும்புக் குவியல்களையும் பற்றியதே. தெருவோர வனப்புக்கான கூட்டாட்சிப் பணத்தில் நூற்றுக்குக் கால் வீதமேனும் நாட்டுக்குரிய காட்டுப்பூக்களுக்குச் செலவிடப்படல் வேண்டும் என்றது 1987ஆம் ஆண்டுச் சட்டம். கால் வீதம் சிறுதொகைதான்; எனினும் பூவுக்கெனச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

ஐயோவா மாநிலத்தின் நிலை வேறு. ஒருகாலத்தில் அதன் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்களவு உயர்புல்வெளியாக இருந்தது. கலப்பை புகுந்தபின் ஆயிரத்தில் ஒரு பங்குதானும் எஞ்சவில்லை. சோளமும் சோயாவும் அடிவானம்வரை பரந்த அந்நாட்டில், உழப்படாது கிடந்த நிலங்களுள் தெருவோரமும் ஒன்று. அங்கே களைகொல்லியைக் கண்டபடி தெளிக்கும் வழக்கைக் குறைத்துப் பழைய புல்வெளிச் செடிகளை மீள விதைக்கும் திட்டத்திற்கு 1988இல் சட்டம் வழிசெய்தது.

பூச்சியின் பெயரால் அரசு பேசியது பின்னரே. மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி குளிர்காலத்தில் மெக்சிக்கோவின் மலைக்காடுகளை அடையும். அதன் புழு உண்பது நம் எருக்கின் இனமான பாற்செடியை மட்டுமே. வயல்களில் அச்செடி அழியவே பூச்சியும் அருகியது. 2015இல் பெருந்தெருச் சட்டமே மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளின் வாழிடத்தை ஊக்குவித்தது. மறு ஆண்டில் மினசோற்றா முதல் ரெக்சாஸ் வரையிலான ஆறு மாநிலங்கள், 35ஆம் இலக்கப் பெருந்தெருவோரத்தை அப்பூச்சியின் வழியாகப் பேண உடன்பட்டன.

ஓடும் வாகனங்களில் மோதிப் பூச்சிகள் மடிவதை மறைத்தற்கில்லை. ஆயினும் சுற்றிலும் உணவற்ற வயல்வெளியாயின், அவ்வொடுங்கிய நிலத்தை விட்டால் அவற்றுக்குப் போக்கிடம் அரிது. 2020இல் மொனார்க்கைக் காப்பதற்கென நாடளாவிய ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. அதிற் சேரும் பெருந்தெருத் திணைக்களங்களுக்கு உரிய காப்புப் பணிகளுள் ஒன்று, பூக்காலம் அறிந்து புல்வெட்டைத் தள்ளிப்போடுதல்.