மஞ்சளும் எழுத்துச் சான்றும்

காயம் பட்டவுடன் மஞ்சள் பொடியை வைத்து அழுத்துவது இந்திய வீடுகளில் எவரும் சொல்லித்தராமலே கைவரும் பழக்கம். அத்தகைய மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதை ஆவணங்களைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய நிலை 1996இல் இந்தியாவுக்கு ஏற்பட்டது.

1995 மார்ச் மாதத்தில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 5,401,504 என்னும் எண்ணுள்ள காப்புரிமையை மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு வழங்கியது. மஞ்சள் பொடியை உட்கொள்ளச் செய்தோ மேலே பூசியோ காயத்தை ஆற்றும் முறை என்பதே அதன் சாரம். கண்டுபிடிப்பாளர்களாகக் குறிக்கப்பட்ட இருவரும் இந்திய வம்சாவளியினர். மஞ்சள் இந்தியாவில் மரபு மருந்தாக நெடுங்காலம் பயன்பட்டு வருவதை அந்த ஆவணமே குறிப்பிட்டது. ஆயினும் காப்புரிமை கிடைத்தது.

அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் அமைப்பு இங்குக் கருதத்தக்கது. அமெரிக்காவிற்குள் ஒன்று முன்பே அறியப்பட்டோ பயன்பட்டோ இருந்தால் அதன் புதுமை இழக்கப்படும். பிற நாடுகளைப் பொறுத்தவரை காப்புரிமை பெற்றிருத்தல் அல்லது அச்சில் வெளிவந்திருத்தல் மட்டுமே சான்றாகும். அதாவது, கோடிக்கணக்கான மக்களின் அன்றாட வழக்கத்திற்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. அச்சிட்ட ஒரு பக்கத்திற்கு மதிப்பு உண்டு.

அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், ஆர். ஏ. மஷேல்கர் தலைமை இயக்குநராக இருந்தபோது, 1996 அக்டோபரில் மறுஆய்வு கோரியது. சமஸ்கிருத மருத்துவ நூற்பகுதிகள் முதல் இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953இல் வெளியான கட்டுரை வரை 32 சான்றுகள் முன்வைக்கப்பட்டன. 1997 ஆகஸ்டில் உரிமைக்கோரல்கள் ஆறும் நிராகரிக்கப்பட்டன. வளரும் நாடொன்றின் மரபறிவை முன்வைத்து அமெரிக்கக் காப்புரிமை ஒன்று வீழ்த்தப்பட்ட முன்னோடி வழக்காக இது பேசப்படுகிறது.

இவ்வெற்றி ஒரு பாடத்தையும் உணர்த்தியது. ஒவ்வொரு காப்புரிமைக்கும் எதிராகத் தனித்தனியே வழக்காடுவது இயலாது. ஆகவே, 2001இல் மரபறிவு மின்னூலகத்திற்கான பணி தொடங்கியது. சமஸ்கிருதம், தமிழ், அரபு, பாரசீகம், உருது முதலிய மொழிகளிலுள்ள ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களின் மருந்து முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பதிவு செய்யப்பட்டன. 2009இல் ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்களுக்கு அதனைத் தேடிப் பார்க்கும் வசதி அளிக்கப்பட்டது. 2011இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்திருத்தம் உள்நாட்டு, வெளிநாட்டு வழக்கங்களுக்கிடையே இருந்த வேறுபாட்டையும் நீக்கியது.

எனினும் அடிப்படைச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. சட்டம் மாறினும், விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவர் தேடக்கூடியது ஆவணத்தைத்தான். மஞ்சளை மீட்டது அதன் தொன்மையன்று. அத்தொன்மை எழுதப்பட்டிருந்ததும், எழுதப்பட்டது பேணப்பட்டதுமே. காட்டுப் பச்சிலையைக் கசக்கிப் புண்ணில் பிழியும் பழங்குடி மருத்துவரின் அறிவு பெரும்பாலும் எந்த நூலிலும் இடம்பெறவில்லை. அவ்வறிவைப் பதிவு செய்யாவிடில் அது பிறர் உடைமையாகலாம். உரியவரின் இசைவும் பயன்பங்கும் இன்றிப் பதிவு செய்தால், பதிவே பறிப்பாகவும் மாறலாம். மஞ்சள் வழக்கு ஆய்வாளர்களின் முன் விட்டுச்சென்றிருக்கும் கேள்வி இதுவே.