உறைபனியில் உயிர்வாழும் தாவரங்கள்: ஒரு கேள்வியின் வரலாறு

நீரின் உறைநிலைக்குக் கீழான குளிரைத் தாவரங்கள் பொறுத்துக்கொள்ளும் திறன் குளிர் தாங்குதிறன் எனப்படுகிறது. இத்திறன் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கோடையில் மைனஸ் 3 டிகிரி செல்சியஸிலேயே மடிந்துவிடக்கூடிய வடநாட்டு மரம், அதே ஆண்டின் நடுக்குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரியிலும் உயிரோடு நிற்கும். இலையுதிர்காலத்தின் சில வாரங்களில் அந்த மரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்க அறிவியலுக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. இக்கேள்வியை ஐரோப்பிய அறிஞர்கள் முன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு பஞ்சம்.

1709-ஆம் ஆண்டின் குளிர்

1709 ஜனவரி 5-ஆம் நாள் இரவு பிரான்சில் வெப்பநிலை திடீரெனச் சரிந்தது. ஆறுகள் உறைந்தன, வெர்சாய் அரண்மனையில் மது குப்பிகளிலேயே உறைந்தது. குளிர் இடையில் தளர்ந்து பனி உருகியதும், மீண்டும் கடுமையாகத் திரும்பியதும்தான் பெருங்கேடாயின. மேலே போர்வையாகக் கிடந்த பனி நீங்கிய வயல்களில், இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை நாற்றுகள் வேரோடு மடிந்தன. தெற்கே ஒலிவ மரங்கள் பட்டுப்போயின. அந்தக் குளிராலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்தாலும் பிரான்சில் சுமார் 6 லட்சம் பேர் இறந்ததாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். வசந்தத்தில் அவசரமாக விதைத்த பார்லிதான் பல ஊர்களைக் காப்பாற்றியது.

அந்த ஆண்டை மரங்களும் நினைவில் வைத்திருந்தன. 1737-இல் துயமேல் துய் மோன்சோ, புஃபோன் ஆகிய இரு பிரெஞ்சு அறிஞர்கள் புதிதாக வெட்டிய மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணியபோது, பட்டையிலிருந்து உள்நோக்கி 29-ஆவது வளையத்தில் சிதைந்த கட்டையைக் கண்டனர். அது 1709-இன் காயம். மரத்தின் வளையத்தைக் கொண்டு கடந்தகாலத் தட்பவெப்பத்தைப் படிக்கும் துறையின் முன்னோடி முயற்சிகளில் ஒன்றாக இது இன்றும் குறிப்பிடப்படுகிறது. அதே ஆய்வில் அவர்கள் குளிர்காலத்தின் பெருங்குளிரையும் வசந்தகாலத்தின் சிறு உறைபனியையும் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தனர். அந்தப் பிரிவினையின் அருமை பின்னாட்களில்தான் முழுமையாகப் புலப்பட்டது.

வெடிக்கும் பானை என்னும் எண்ணம்

நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. நீர் நிரம்பிய பானை குளிரில் விரிசல் விடுவதுபோலத் தாவரத்தின் செல்களும் வெடித்துச் சாகின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்ததால் யாரும் அதைச் சோதிக்க முனையவில்லை போலும். 1830-இல் பிரெஸ்லாவைச் சேர்ந்த ஹைன்ரிஷ் கோப்பெர்ட், உறைந்து இறந்த திசுக்களை ஆராய்ந்து செல்சுவர்கள் கிழியவில்லை என்று காட்டினார்.

அடுத்து ஒரு சச்சரவு எழுந்தது. செடி இறப்பது உறையும்போதா, உருகும்போதா? உருகும் வேகமே கொல்கிறது, மெதுவாக உருகவிட்டால் செடி பிழைக்கும் என்றார் யூலியஸ் ஸாக்ஸ். கோப்பெர்ட் இதை மறுக்க ஓர் அழகான சோதனையைக் கண்டார். கலாந்தே என்னும் ஆர்க்கிட்டின் வெண்ணிறப் பூக்களில் செல்கள் இறந்தால் அவுரிச் சாயம் உருவாகி நீலமாகும். அப்பூக்கள் உறைந்த நிலையிலேயே நீலமாயின, உருகும்வரை காத்திருக்கவில்லை. வழக்கு கோப்பெர்ட் பக்கம் தீர்ந்ததாகவே அன்று பலரும் எண்ணினர்.

பனிக்கட்டி எங்கே உருவாகிறது என்பதைத் தெளிவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஹெர்மன் முல்லர். (திராட்சை வளர்ப்போருக்கு அவர் பெயரிலான முல்லர்-துர்காவ் வகையே அதிகம் தெரியும்.) 1880-களில் அவர் காட்டியது இது: பனிக்கட்டி பெரும்பாலும் செல்லுக்குள் உருவாவதில்லை, செல்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் உருவாகிறது. அந்தப் பனி, செல்லுக்குள் இருக்கும் நீரைச் சிறிது சிறிதாக வெளியே இழுக்கிறது, செல் சுருங்குகிறது. ஆகவே உறைபனியால் சாவது ஒருவகையில் வறட்சியால் சாவதே. நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுந்த மறுநாள் தேயிலைக் கொழுந்துகள் தீய்ந்ததுபோலக் காட்சியளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவது கடினமாக இராது.

சர்க்கரையின் பங்கு

குளிரில் வைத்த உருளைக்கிழங்கு இனிக்கும் என்பதை ஆராய்ந்தவரும் முல்லரே; 1882-இல் அதை வெளியிட்டார். ஸ்வீடனின் பெங்ட் லிட்ஃபோர்ஸ், குளிர்காலத்திலும் பசுமையாக நிற்கும் இலைகளில் மாவுச்சத்து மறைந்து சர்க்கரை சேர்வதைக் கண்டு, சர்க்கரையே காவல் என்று 1907-இல் எழுதினார். ரஷ்யாவின் நிகோலாய் மாக்சிமோவ் இதை நேரடியாகச் சோதித்தார். செங்கோசின் மெல்லிய சீவல்களைச் சர்க்கரைக் கரைசலில் இட்டு உறையவைத்தபோது, வெறும் நீரில் இருந்தவற்றைவிட மிகக் குறைந்த வெப்பநிலையிலும் அவை பிழைத்தன. சர்க்கரை செல்லின் வெளிச்சவ்வையே காக்கிறது என்ற அவரது 1912-ஆம் ஆண்டு முடிவு, காலத்தை மிஞ்சியது.

ரஷ்ய மண்ணில் இந்த ஆய்வு அரசியலில் சிக்கியது. 1927-28 குளிர்காலத்தில் உக்ரைனில் குளிர்காலக் கோதுமை பெருமளவு அழிந்தது. அவ்வேளையில் துரோஃபிம் லைசென்கோ, ஊறவைத்த குளிர்காலக் கோதுமை விதையைக் குளிரில் வைத்து வசந்தத்தில் விதைக்கும் முறையைப் பெரும் விளம்பரத்தோடு முன்வைத்தார். விதைக்குக் குளிரூட்டினால் பயிர் உரிய காலத்தில் பூக்கும் என்பது உண்மையே. அவருக்கு முன்பே அது அறியப்பட்டதுதான். ஆனால் அது பூக்கும் பருவத்தைப் பற்றியது. குளிரைத் தாங்குவது வேறு. கோதுமையின் இயல்பையே பயிற்சியால் மாற்றி, அதை வழிவழியாக நிலைக்கச் செய்யலாம் என்று லைசென்கோ பின்னர் கூறியதற்கு ஆதாரம் இல்லை. அதை எதிர்த்த நிகோலாய் வவிலோவ் 1940-இல் கைதாகி, 1943-இல் சராதோவ் சிறையில் இறந்தார். மாக்சிமோவும் 1930-களில் கைதாகி அந்நகருக்கே அனுப்பப்பட்டார்.

அதே நாட்டில் இவான் துமானோவ் ஆரவாரமின்றி உண்மையான விடையை நெருங்கிக்கொண்டிருந்தார். குளிர்காலப் பயிர் இரு கட்டங்களில் பழகுகிறது என்று அவர் கண்டார்: முதலில், உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் வெயில் பட்டுச் சர்க்கரை சேர்கிறது, பிறகு, உறைநிலைக்குச் சற்றுக் கீழே செல்கள் மெல்ல நீரை இழக்கின்றன. வானம் மூடிய இலையுதிர்காலத்துக்குப் பின் கோதுமை எளிதில் மடிவதன் காரணம் இதனால் விளங்கியது.

மைனஸ் 196 டிகிரி

எவ்வளவு குளிரைத் தாவரம் தாங்கும் என்பதற்கு வியப்பான விடை ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அகிரா சகாய், குளிர்காலத்தில் வெட்டிய மல்பெரி, வில்லோ குச்சிகளைப் படிப்படியாக மைனஸ் 30 டிகிரிவரை குளிரவைத்து, பின் மைனஸ் 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினார். எடுத்து உருக்கியபோது அவை உயிரோடிருந்தன, துளிர்த்தன. உறையக்கூடிய நீரெல்லாம் முன்பே வெளியேறிவிட்டால், அதன்பின் எத்தனை குளிரும் அந்தச் செல்லை ஒன்றும் செய்வதற்கில்லை. தாவர உறுப்புகளைத் திரவ நைட்ரஜனில் பாதுகாக்கும் இன்றைய மரபுவளச் சேமிப்பகங்கள் இவ்வழியில் வந்தவை.

சவ்வின் கதையை முடித்தவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் ஸ்டெபோன்கஸ். சுவர் நீக்கிய ரை செல்களை நுண்ணோக்கியின் கீழ் உறையவைத்தார். குளிருக்குப் பழகாத செல் சுருங்கும்போது தன் சவ்வின் ஒரு பகுதியைக் குமிழ்களாக உள்ளே இழந்துவிடுகிறது. உருகி மீண்டும் பருக்கும்போது சவ்வு போதாமல் வெடிக்கிறது. பழகிய செல்லோ மிகுதிச் சவ்வை வெளியே மொட்டுகளாகத் தள்ளி வைத்து, பிறகு திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதாவது, மிதமான குளிரைப் பொறுத்தவரை உருகும்போதும் சாவு நேரலாம். நூறாண்டுக்கு முன் தோற்றதாகக் கருதப்பட்ட ஸாக்ஸின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது.

மரபணுக்களின் வரவு

1985-இல் சார்லஸ் கை குழுவினர், கீரைவகையான ஸ்பினாச்சு குளிருக்குப் பழகும்போது அதன் மரபணு இயக்கம் மாறுவதைக் காட்டினர். 1990-களின் இறுதியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் தாமஷோ குழு, சிபிஎஃப் என்ற மரபணுக்களை அரபிடாப்சிஸ் செடியில் கண்டறிந்தது. குளிர் பட்ட 15 நிமிடங்களில் இவை விழித்து, பின்னால் நிற்கும் பல மரபணுக்களை இயக்குகின்றன. சிபிஎஃப்களில் ஒன்றை எழுப்பும் ஐஸ்1 என்னும் மரபணுவை விஸ்வநாதன் சின்னுசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வுக்கட்டுரை 2003-இல் விவரித்தது.

இதன்பின், குளிர் தாங்கும் பயிர்களை எளிதில் படைக்கலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. சிபிஎஃப் எப்போதும் இயங்கும்படி மாற்றிய செடிகள் உறைபனியைத் தாங்கவே செய்தன. ஆனால் குட்டையாக வளர்ந்தன, தாமதமாகப் பூத்தன. தேவையற்ற காலத்திலும் காவல் காப்பதற்குச் செடி வளர்ச்சியை விலையாகக் கொடுக்கிறது. குளிர்காலம் முடிந்ததும் இயற்கைத் தாவரம் இத்திறனைக் கைவிடுவதன் பொருளும் அதுவே. கைவிடுவது விரைவாக நடக்கிறது. சில நாள் வெப்பமே போதும்.

2021-இல் பிரான்சில் நிகழ்ந்தது இதுதான். மார்ச் இறுதியின் வழக்கத்தை மீறிய வெப்பத்தில் திராட்சைக் கொடிகள் முன்கூட்டியே துளிர்த்தன. ஏப்ரலில் உறைபனி வந்தபோது, நடுக்குளிரில் அதைவிடக் கொடிய குளிரைத் தாங்கிய அதே கொடிகளின் தளிர்கள் கருகின. விவசாயிகள் வரிசை வரிசையாக மெழுகுத் தீச்சட்டிகளை ஏற்றி இரவெல்லாம் தோட்டங்களில் நின்றனர். துயமேலும் புஃபோனும் 1737-இல் தனியே பிரித்து எழுதிய வசந்தகாலச் சிறு உறைபனி அது.