மக்காச்சோள வேரில் ஒரு கூட்டாளி: அசோஸ்பைரில்லம் வந்த கதை

இந்தப் பதிவு கொஞ்சம் மண்ணைப் பற்றி.

எங்கள் கனகம்மாசத்திரம் பக்கம் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் வாழும் பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. பயறு வகைச் செடிகளில் இப்படி நடக்கிறது என்பதை 1880களிலேயே ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிரூபித்துவிட்டார்கள். மக்காச்சோளத்தைப் பிடுங்கினால் முடிச்சு ஒன்றும் இருக்காது. அது புல் இனம். யூரியா குறைந்தால் இலை வெளுத்துவிடும். அதற்கும் இப்படி ஒரு கூட்டாளி கிடைக்காதா என்பதுதான் கேள்வி.

நெதர்லாந்தின் பெயரிங்க் 1925இல் சுருள் வடிவ பாக்டீரியா ஒன்றைப் பற்றி எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து அதைத் தூசி தட்டி எடுத்தவர் ஜோஹன்னா டோபெரைனர். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரேசிலில் குடியேறியவர். இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், ஆனால் அதிகம் கூடாது. அதனால் நைட்ரஜன் சத்தே இல்லாத, பாதி உறைந்த கூழில் வேர்த்துண்டைப் போட்டு வைத்தார். கூழின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, தனக்குத் தோதான ஆழத்தில், பாக்டீரியா மெல்லிய ஏடு போலப் படிந்தது. எவ்வளவு எளிய உத்தி பாருங்கள்!

1975இல் மக்காச்சோள வேரிலும் நைட்ரஜன் பிடிப்பு நடக்கிறது என்று அவரது குழு அறிவித்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் உர விலை ஏறியிருந்த நேரம் அது. கேட்கவா வேண்டும், உலகமே திரும்பிப் பார்த்தது. 1978இல் அசோஸ்பைரில்லம் என்ற பெயரும் வந்தது.

அப்புறம்தான் சிக்கல். வெட்டிய வேரை இரவெல்லாம் வைத்திருந்து அளந்ததால், அதற்குள் பாக்டீரியா பெருகிக் கணக்கு கூடிவிட்டது என்று தெரிந்தது. வயலில் கிடைக்கும் நைட்ரஜன் அவ்வளவு இல்லை. கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் விளைச்சல் மட்டும் பல இடங்களில் கூடிக்கொண்டே இருந்தது. ஏன்?

இதற்கு விடை கிடைத்ததில் வறண்ட நாடான இஸ்ரேலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் ஓகோனும் மற்றவர்களும் செய்த ஆய்வுகளில், பாக்டீரியா சுரக்கும் ஆக்சின் போன்ற ஹார்மோன்களால் பக்கவேரும் வேர்த்தூவியும் பெருகுவது தெரிந்தது. 1988இல் வெளியான சோள ஆய்வில், பாக்டீரியா சேர்த்த பயிர் மண்ணின் ஆழத்திலிருந்து கூடுதல் ஈரத்தை உறிஞ்சியது. ஆக, உரம் என்று தேடிப்போனது தண்ணீரில் உதவியது! இருபது ஆண்டுச் சோதனைகளைத் தொகுத்து 1994இல் ஓகோன் எழுதிய கட்டுரைப்படி, 60 முதல் 70 சதவீதச் சோதனைகளில் 5 முதல் 30 சதவீதம் வரை விளைச்சல் கூடியது. மீதிச் சோதனைகளில் சொல்லும்படி பலன் இல்லை. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பெரம்பலூர் கரிசலில் மழையை நம்பி மக்காச்சோளம் போடுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். பாக்கெட் போட்டாகிவிட்டதே என்று தழைச்சத்தை அடியோடு நிறுத்தினால் நஷ்டம் அவருக்குத்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம்கூட உரத்தோடு சேர்த்தே இதைப் பரிந்துரைக்கிறது: ஹெக்டேருக்கு 600 கிராம் விதை நேர்த்திக்கு, 2 கிலோ 25 கிலோ தொழு உரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து வயலுக்கு. விதையில் ஒட்டுவதற்கு ஆறிய அரிசிக் கஞ்சி போதும்.

பிரேசிலில் 2010 வாக்கில் மக்காச்சோளத்துக்கென்றே தேர்ந்தெடுத்த ரகங்கள் பரவலாயின. அந்த வேலையை நடத்திய மரியாங்கெலா ஹங்ரியாவுக்கு 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் ஊரில் எனக்குக் கவலை தருவது கடை அலமாரிதான். உயிர் உரங்கள் 2006இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது விதி. வெயில் படும் இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டில் எத்தனை மிஞ்சும்? வீரிய ஒட்டு விதையோ பூஞ்சாணக்கொல்லி பூசிய கலர் விதையாக வருகிறது. அதன் மேலேயே கஞ்சியைத் தடவுவதைவிட, தொழு உரத்தில் கலந்து சாலில் போடுவது பாக்டீரியாவுக்கு நல்லது.