கருங்கல் மண்ணில் பேர் எடுத்த திராட்சை



“நம்ம நிலம் வெறும் பாறைச் சரளை, சார். இதுல என்ன வந்துடப் போகுது?” என்று கேட்காத ஊரே இல்லை. அதற்குப் பதிலாக இன்றைக்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். திராட்சை மது தயாரிக்கிற சீமையின் கதை அது. ஆனால் நமக்கு வேண்டியது அதிலுள்ள மண் சேதிதான்.

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில் கலீசியா என்று ஒரு பகுதி. அட்லாண்டிக் கடல் அங்கே கைவிரல்களை நீட்டினாற்போல நிலத்துக்குள் புகுந்து கிடக்கிறது. அந்தக் கழிகளை ஒட்டிய திராட்சை வட்டாரத்துக்கு ரியாஸ் பைஷாஸ் என்று பெயர். ஆண்டு மழை சுமார் 1,600 மில்லிமீட்டர். இவ்வளவு ஈரத்தில் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் சும்மா விடுமா?

அங்கே கொடியைக் காப்பாற்றுகிற சங்கதிகள் மூன்று. முதலாவது மண். கருங்கல் பாறை உதிர்ந்து உண்டான பருமணல் அது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும், வேர் அழுகாது. சத்துக் குறைந்த புளிப்பு மண் ஆனதால், கொடியும் தழைத்துக்கொண்டே போகாது. இரண்டாவது பந்தல். அதே கருங்கல்லை வெட்டித் தூண் நட்டு, கொடியை மேலே ஏற்றிவிடுகிறார்கள். அடியில் காற்று ஓடி, குலையின் ஈரம் காய்கிறது. மூன்றாவது ரகம். அல்பரீன்யோ என்கிற வெள்ளைத் திராட்சை. மணி சின்னது, தோல் தடிப்பு.

கடலும் கைகொடுக்கிறது. கோடை வெப்பத்தைக் கடல் காற்று தணிப்பதால், பழம் புளிப்புக் கெடாமல் நிதானமாகப் பழுக்கிறது. அந்த மதுவின் தனி ருசிக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பெருமை சுலபத்தில் வந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த இரண்டு நோய்களும், வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கின. நிறையப் பேர், அதிகம் காய்க்கிற கலப்பினக் கொடிகளுக்கு மாறிவிட்டார்கள். சிலர் மட்டும் அமெரிக்க வேர்ச்செடியில் தங்கள் பழைய ரகத்தை ஒட்டுக்கட்டிக் காப்பாற்றினார்கள். எல்லாம் துண்டு துண்டான சிறு நிலங்கள்தான்!

1953-ல் கம்பாதோஸ் ஊரில் அல்பரீன்யோ விழா தொடங்கியது. 1980-ல் ரகத்தின் பெயருக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் ரகத்தின் பெயரை யாரும் எங்கும் சொல்லிக்கொள்ளலாமே? ஐரோப்பியச் சட்டமோ ஊர்ப் பெயரைத்தான் ஏற்கும். ஆகவே 1988-ல் ரியாஸ் பைஷாஸ் என்ற பெயரே முத்திரை ஆயிற்று. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும்.

ஆகையால் பெருமக்களே, மண்ணைக் குறை சொல்லுமுன் பரிசோதித்துப் பாருங்க. அதற்கு ஒத்த ரகம் எது, தண்ணீர் எப்படி வடிகிறது என்று கவனியுங்க. பக்கத்து ஊர்க்காரர் மாற்றிவிட்டார் என்பதற்காகத் தாத்தா காலத்து ரகத்தைப் பிடுங்கி எறிந்துவிடாதீங்க. போன ரகம் திரும்பி வருவது லேசில்லை.