லிஸ்ப்-ஸ்டாட் முதல் ஹாஸ்கெல் வரை

சார்புகளை அடிப்படையாகக் கொண்ட ஃபங்ஷனல் நிரல்மொழிகளில் மூத்தது லிஸ்ப். ஜான் மெக்கார்த்தி 1958-ல் உருவாக்கிய அந்த மொழி புள்ளியியலாளர்களின் மேசைக்கு வர முப்பது ஆண்டுகள் பிடித்தன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் லூக் டியர்னி உருவாக்கிய புள்ளியியல் மென்பொருளான லிஸ்ப்-ஸ்டாட் பற்றிய அவரது நூல் 1990-ல் வெளியானது. டேவிட் பெட்ஸின் எக்ஸ்லிஸ்ப் என்ற சிறிய மொழியின் மீது எழுந்ததால் அந்நாளைய மக்கின்டாஷ் கணினிகளிலும் லிஸ்ப்-ஸ்டாட் ஓடியது. ஒரு வரைபடத்தில் சில புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்து வரைபடத்திலும் அதே புள்ளிகள் துலங்கும். தரவோடு பேசிப் பார்க்கும் அந்த வசதி அன்று அரிது.

அதே காலத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் மாணவர் ஆய்வகத்துக்கு நல்ல மென்பொருள் தேடினார்கள். கிடைக்காததால், லிஸ்பின் கிளைமொழியான ஸ்கீமின் சாயலில் ஒரு சிறு வரிமொழிமாற்றியைச் சி மொழியில் எழுதினார்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ 1000 வரிகள். எழுத்து நடையை பெல் ஆய்வகத்தின் எஸ் மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆர் மொழி பிறந்தது இப்படித்தான். 1993-ல் பொதுப் பார்வைக்கு வந்து, 1995-ல் ஜிபிஎல் உரிமத்தில் கட்டற்ற மென்பொருளானது. புள்ளியியலாளர்கள் அதன் பக்கம் சாய, லிஸ்ப்-ஸ்டாட்டின் கூடாரம் காலியானது. டியர்னியே ஆரின் மையக் குழுவில் சேர்ந்தார். அக்குழுவில் இந்தியரும் உண்டு: லாட்டிஸ் வரைபடத் தொகுப்பை எழுதிய தீபாயன் சர்க்கார், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டெல்லி மையப் பேராசிரியர்.

ஆனால் ஆர் ஒரு முழு உலகமாக வளர்ந்துவிட்டது. அதன் வேகக் குறையைச் சுட்டி, லிஸ்பையே மீண்டும் அடித்தளமாக்கலாம் என்று 2008-ல் டங்கன் டெம்பிள் லாங்கோடு சேர்ந்து கட்டுரை எழுதினார் இஹாக்கா. வேறொரு ஃபங்ஷனல் மொழியில் நிரல் எழுதுபவருக்கோ, ஆரின் பெரிய உலகத்துக்குப் பதிலாக, தன் மொழிக்குள்ளேயே கையடக்கமான கருவி தேவைப்பட்டது. 2009-ல் க்ளோஜர் மொழியில் இன்கான்டரும், ஹாஸ்கெலில் பிரையன் ஓசல்லிவனின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நூலகமும் வந்தன.

இத்தகைய நூலகங்களின் உள்ளே பி. பி. வெல்ஃபோர்ட் 1962-ல் தந்த முறையைக் காணலாம். எண்ணிக்கை, சராசரி, விலக்க வர்க்கங்களின் கூடுதல் ஆகிய மூன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தரவை ஒரே முறை கடக்கும் வழி அது. 4, 7, 13 என்ற எண்கள் வரிசையாக வரட்டும். சராசரி 4, 5.5, 8 என நகரும். கூடுதல் 0, 4.5, 42 என வளரும். 42-ஐ, எண்ணிக்கையில் ஒன்று குறைத்த 2-ஆல் வகுத்தால், கூறுக்கான விலக்க வர்க்கச் சராசரி 21. பழைய எண்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. பட்டியலைச் சுருட்டி ஒற்றை விடையாக்கும் ஃபோல்ட் என்ற சார்புக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற முறை இது.

சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் போதுமென்றால் இந்தச் சில வரிகளே நூலகம். காமா சார்பும் நிகழ்தகவுப் பரவல்களும் வேண்டுமென்றால், பலர் சோதித்துப் பார்த்த நூலகத்தை எடுப்பதே சரி.