நேற்றுவரை தெளிவாக இருந்தவர்: நாஞ்சில் நாட்டு முதியோரின் திடீர் மனக்குழப்பம்

மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. ஓரிரு நாளில் தொடங்கி, காலையில் தெளிந்து இரவில் முற்றும் குழப்பம் வேறு. மருத்துவம் அதை டெலிரியம் என்கிறது. இரண்டையும் "வயசாச்சுல்லா" என்று ஒன்றாக ஒதுக்கிவிடும்போது, மீளக்கூடியவரும் கைவிடப்படுகிறார்.

மார்க் கிளார்ஃபீல்ட் 2003இல் வெளியிட்ட தொகுப்பாய்வை இதற்கு மறுப்பாகக் காட்டலாம். மறதி நோயாளரில் 9 விழுக்காட்டினருக்குச் சரிசெய்யத்தக்க காரணம் இருந்தும், உண்மையில் மீண்டவர்கள் 0.6 விழுக்காடே. ஆனால் அந்த எண் நாட்பட்ட மறதிக்கு உரியது. திடீர்க் குழப்பத்துக்குப் பொருந்தாது. மறதி நோய் உள்ளவரே ஆனாலும், நேற்றுவரை பேரனை அடையாளம் கண்டவர் இன்று திகைத்தால் புதிதாக ஒன்று நேர்ந்திருக்கிறது.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது மாத்திரைப் பையை. இரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு சோடியத்தைக் குறைக்கக்கூடியது. உப்பைக் குறைக்கச் சொன்னதை உப்பே ஆகாது என்று எடுத்துக்கொண்டு வெறுங்கஞ்சியில் நாள் கழிப்பவருக்கு, இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ஆபத்து. (குறைந்த சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளை பாதிக்கப்படும், இது வீட்டு வைத்தியத்துக்கு உரியதன்று.) பசியில்லை என்று இட்லியைத் தள்ளிவைத்துவிட்டு கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியவருக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கக்கூடும்; அப்போது வியர்க்கும், பேச்சு குழறும். குளுக்கோமீட்டர் இதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். சளிக்குக் கடையில் வாங்கிய குளோர்பெனிரமினும் குழப்பும். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், நிமோனியா, மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து வாரங்கள் கழித்துத் தெரியவரும் மூளை உறை இரத்தக்கட்டு ஆகியவற்றையும் தேட வேண்டும். மாறாக, நெடுநாள் மெட்ஃபார்மினால் வரும் பி12 குறைபாடும் தைராய்டு சுரப்புக் குறைவும் மெதுவாகவே வெளிப்படும்.

சிறுநீர்த் தொற்றின் மீது எளிதில் பழி போடுவதும் தவறு. மூதாட்டிகள் பலருக்கு நோயின்றியே சிறுநீரில் கிருமி இருக்கும். காய்ச்சலோ எரிச்சலோ இல்லாதபோது உடனே ஆன்டிபயாடிக் கொடுக்காமல் வேறு காரணம் தேடவே அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது.

நாஞ்சில் நாடு அடங்கிய குமரி மாவட்டத்தில் இடர் இன்னொன்றும் உண்டு. குழப்பம் எப்போது தொடங்கியது என்பதை உடனிருப்பவர்தான் சொல்ல முடியும். இங்கே பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் பல. உளறுபவரையாவது அக்கம்பக்கத்தார் கவனிப்பார்கள். பேச்சடங்கிச் சுருண்டு கிடப்பவர், வீடியோ அழைப்பில் பார்க்கும் மகனுக்கு ஓய்வெடுப்பவராகவே தெரிவார். அந்த அமைதியான குழப்பமே அதிகம் தவறவிடப்படுகிறது.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலப் பெண்கள் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறார்கள். மேற்சொன்ன ஆபத்துகளில் இரண்டு அந்த மருந்து வகைகளைச் சார்ந்தவை. ஆகவே "போன தடவை பார்த்ததற்கு ஆள் மாறியிருக்கிறாரா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா" என்ற கேள்விகள் அவர்களுடைய பணிக்குறிப்பில் இடம்பெற வேண்டும். மாறியிருந்தால் மாத்திரைப் பையோடு அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஸ்கேன் தேவைப்பட்டால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு.