திருச்சானூர்ச் சமதளமும் திருமலை இறக்கமும்: கார் ஓட்டும் அறிவின் வரலாற்றில் ஒரு பக்கம்

அலர்மேல்மங்கைத் தாயார் கோயில் கொண்ட திருச்சானூர் சமவெளியில் இருக்கிறது. வேங்கடமுடையானின் திருமலை அதைவிட ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரு கோயில்களையும் ஒரே நாளில் காரில் சென்று வணங்கித் திரும்பும் குடும்பம் இன்று இந்த உயர வேறுபாட்டைப் பெரிதாக எண்ணுவதில்லை. 1944 ஏப்ரல் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் முதல் மலைச்சாலையைத் திறந்துவைக்கும் வரை அந்த உயரத்தைக் கால்கள் ஏறின; இயலாதவர்களுக்கு டோலி தூக்குவோரின் தோள்கள் ஏறின. சாலையின் வடிவமைப்பு பொறியாளர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவின் பெயரோடு இணைத்தே பேசப்படுகிறது. அப்போது திருப்பதி, சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது.

அந்தச் சாலையின் வரலாறு பெரும்பாலும் தேவஸ்தான நிர்வாக வரலாற்றின் ஒரு பகுதியாகவே எழுதப்படுகிறது. ஓட்டுநரின் பக்கமிருந்து அதைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கார் ஓட்டுவது நூறாண்டுகளில் மேலும் மேலும் எளிதாகிவந்தது என்பது பொதுவான எண்ணம். காரைக் கிளப்புவதைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. மலையிலிருந்து இறக்குவதைப் பொறுத்தவரை பாதிதான் உண்மை. கிளப்புவதில் இருந்த ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது, கையை முறித்தது. ஆகவே அதை ஒழிக்கக் கருவி கண்டுபிடிக்கப்பட்டது. இறக்கத்தின் ஆபத்து வெப்பமாகச் சக்கரத்துக்குள் சேர்வது, கடைசி வளைவு வரை தன்னைக் காட்டாதது. அதற்கான காப்பு இன்றும் பெருமளவு ஓட்டுநரின் அறிவில்தான் இருக்கிறது.

சென்னைச் சாலைகளில் முதலில் ஓடிய கார் பாரி நிறுவன இயக்குநர் ஒருவருடையது என்பர். அந்தத் தலைமுறைக் கார்களில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவது என்ற செயலே கிடையாது. முதலில் கைப்பிரேக்கை இழுத்துக் கட்ட வேண்டும். கியர் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தீப்பொறி பாயும் நேரத்தைப் பின்தள்ளும் சிறு நெம்புகோலை அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். சோக்கை இழுத்து, காருக்கு முன்னால் வந்து குனிந்து, ஹேண்டிலைச் செருகி, கீழிருந்து மேலாக ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் தண்டனை உண்டு. கியர் விழுந்திருந்தால் கார் கிளப்பியவர் மேலேயே ஏறிவரும். தீப்பொறி முந்திப் பாய்ந்தால் பிஸ்டன் திரும்பி உதைக்கும். ஹேண்டில் எதிர்த்திசையில் சுழன்று மணிக்கட்டை ஒடிக்கும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது என்ற பாடம் இதனால் வந்தது. இடக்கையால் இழுப்பது நல்லது என்பதும் அக்கால அறிவுரைதான். ஹேண்டில் திரும்பி உதைத்தால் அந்தக் கை எளிதாக விலகிக்கொள்ளும்.

ஒரு சொல் இங்கே கவனிக்கத் தக்கது. கார் ஓட்டுநரைக் குறித்த பிரெஞ்சுச் சொல் 'ஷோஃபர்'. அதன் நேர்ப்பொருள் சூடேற்றுபவர், அதாவது கொதிகலனுக்குத் தீ மூட்டுபவர். நீராவி வண்டிக் காலத்தில் பிறந்த அச்சொல், வண்டியை ஓட்டும் செயலைவிட அதற்கு உயிரூட்டும் உழைப்பையே முன்னிறுத்துகிறது. தமிழில் மாட்டுவண்டியைப் 'பூட்டினார்கள்', காரை 'எடுக்கிறார்கள்'. ஈழத் தமிழ் 'சாரதி' என்ற பழஞ்சொல்லைக் காத்துக்கொண்டது. அங்கே இன்றும் சாரதி அனுமதிப்பத்திரம்தான். தமிழ்நாட்டில் சட்டத்தாளில் 'ஓட்டுநர்' என்றும் தெருவில் 'டிரைவர்' என்றும் நிலைத்துவிட்டது. ஹேண்டில் அடித்தவருக்கோ தனிப்பெயர் அமையவில்லை. பேருந்திலும் லாரியிலும் அவர் 'கிளீனர்'. துடைப்பவர் என்ற பெயருக்குள் கிளப்புபவர், தண்ணீர் ஊற்றுபவர், சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர் எல்லோரும் மறைந்துபோனார்கள். வண்டியின் மிக ஆபத்தான வேலை மிகக் குறைந்த கூலிக்காரரிடம் இருந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லாமல் சொல்கிறது.

இந்த வேலையை ஒழித்த கருவி, சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் வந்த மின் முடுக்கி. ஃபோர்டின் 'மாடல் டி' காருக்கு அது 1919இல்தான் கிடைத்தது. 'செல்ஃப்' என்ற சொல் தமிழ்ப் பேச்சில் அப்படியே ஒட்டிக்கொண்டது. 'செல்ஃப் எடுக்கவில்லை' என்றால் கார் கிளம்பவில்லை என்று இன்றும் பொருள். ஆயினும் ஹேண்டில் ஒரே நாளில் மறையவில்லை. 1950களின் கார்கள் பலவற்றில்கூட முன்பம்பரின் நடுவே அதைச் செருகத் துளை இருந்தது. பேட்டரியை முழுதாக நம்பாத ஒரு நாட்டில் அது அலங்காரமாக இருக்க வாய்ப்பில்லை.

திருமலைச் சாலை திறந்த ஆண்டு போர்க்கால ஆண்டு என்பதையும் மறக்கலாகாது. பெட்ரோல் பங்கீட்டில் கிடைத்தது. மாகாணமெங்கும் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. வண்டியின் பின்புறம் பொருத்திய உலையில் மரக்கரியை மூட்டி, ஊதி, நல்ல வாயு வரும் வரை காத்திருந்து, அதன் பின்னரே இயந்திரத்தைச் சுழற்ற வேண்டும். ஷோஃபரின் பழைய பொருள் இந்தியச் சாலைகளில் சில ஆண்டுகள் உயிர்பெற்று எழுந்தது என்றே சொல்லலாம். கரிவாயுவில் இயந்திரத்தின் வலு கணிசமாகக் குறையும். சமதளத்தில் அது தாமதம் மட்டுமே. ஏற்றத்தில் வண்டியே நின்றுவிடும்.

ஏற்றம் என்பது காரின் பிறப்பிலேயே தொடங்கிய சிக்கல். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சென்றார். மேடுகளில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் பிரேக்குக் கட்டைகள் தேய்ந்தன. வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அவற்றின் மேல் அடித்துக்கொண்டார். அந்தப் பயணத்துக்குப் பிறகே பென்ஸ் வண்டியில் ஏற்றத்துக்கென ஒரு தாழ்கியர் சேர்ந்தது. மலை முதல் பயணத்திலேயே இரண்டு பாடங்களைச் சொல்லிவிட்டது: ஏறத் தாழ்கியர் வேண்டும், இறங்கத் தேய்மானம் தாங்கும் பிரேக் வேண்டும். ஏறவும் இறங்கவும் ஒரே தாழ்கியர் உதவும் என்பது பின்னர் தெளிந்த மூன்றாவது பாடம். 'மாடல் டி' வேறொரு வேடிக்கையைச் சேர்த்தது. அதன் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில். பெட்ரோல் தன் எடையாலேயே வழிந்து இயந்திரத்துக்கு வர வேண்டும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் வராது. ஆகவே காரைத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் பின்னோக்கி மலையேறினார்கள்.

சமவெளியின் வெயிலில் காய்ந்து வந்த கார் திருமலைச் சாலையில் ஏறும்போது நேர்வது வேறு. தாழ்கியரில் இயந்திரம் வேகமாகச் சுழலும், வண்டி மெதுவாகச் செல்லும், எதிர்க்காற்று போதாது. ரேடியேட்டர் கொதிக்கும். பெட்ரோல் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அம்பாசிடர், பியட் காலத்து ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். டிக்கியில் தண்ணீர்க் கேன் இல்லாமல் மலையேறியவர் அரிது. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறக்கக் கூடாது என்பதைப் பலர் முகத்தில் தெறித்த கொதிநீரால் கற்றனர். நடுவழியில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவதே ஏற்றத்தின் உச்சச் சோதனை. கைப்பிரேக்கு வண்டியைப் பிடித்திருக்க, கிளட்ச் மெல்லப் பற்ற, ஆக்சிலேட்டர் ஏற, சரியான கணத்தில் கைப்பிரேக்கை விட வேண்டும். அந்தக் கணம் தவறினால் காப்பது பின்சக்கரத்துக்கு அடியில் கிளீனர் வைத்த கட்டை.

சட்டம் இந்த அறிவை மெதுவாகவே எழுத்தில் வாங்கிக்கொண்டது. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு உரிமத்தையும் வண்டிக்குப் பதிவையும் வகுத்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநர் தேர்வைத் தன் அட்டவணையில் விரித்தது. இன்று நடைமுறையில் உள்ள 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15ஆம் விதியைப் பொறுமையாகப் படித்தால், மலைச்சாலை ஓட்டுநர் ஒருவரின் அனுபவக் குறிப்பைப் படிப்பது போலிருக்கும். இயந்திரத்தை இயக்கும் முன் தகுந்த முன்னெச்சரிக்கை எடுக்கத் தெரிய வேண்டும். இறக்கத்தில் செல்லும்போது விரைந்து தாழ்கியருக்கு மாற்றத் தெரிய வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னோக்கி உருளாமல் மீண்டும் கிளப்பத் தெரிய வேண்டும். அதே ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள், குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்றன. ஏற்றத்தில் நின்றுவிட்டால் மீண்டும் கிளப்புவது கடினம் என்ற பழைய அனுபவமே அங்கு விதியாகியிருக்கிறது.

1974இல் இரண்டாம் மலைச்சாலை வந்தது. ஏறுவதற்குப் புதியது, இறங்குவதற்கு 36 கொண்டையூசி வளைவுகள் கொண்ட பழையது என்று போக்குவரத்து பிரிந்தது. எதிரில் வண்டி வரும் அச்சம் நீங்கியது பெரும் நன்மை. ஆனால் 1944இல் எல்லோரும் ஏறுவதற்காக ஏங்கிய சாலை அன்றுமுதல் இறக்கத்தின் சாலையாக ஆயிற்று.

அந்த இறக்கத்தின் கணக்கு எளிமையானது. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 700 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 8 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போய்த் தீர வேண்டும். அறை வெப்பத்தில் உள்ள 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். ஓட்டுநர் தாழ்கியரில் இறங்கினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை இயந்திரம் வாங்கிக்கொள்ளும்: மூடிய திராட்டிலுக்கு எதிராகக் காற்றை இழுக்கும் பிஸ்டன்களே பிரேக்காகும். உயர்கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் அந்த வெப்பம் முழுவதும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளில் சேரும். பழைய டிரம் பிரேக்கில் சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். எந்தப் பிரேக்கிலும் பழைய எண்ணெய் காற்றிலிருந்து ஈரம் குடித்திருந்தால் கொதித்துக் குமிழிவிடும். மிதி தரையைத் தொடும், கார் நிற்காது.

நியூட்ரலில் விட்டு இறக்குவது பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை கார்புரேட்டர் காலத்தது. இயந்திரத்தையே அணைத்துவிட்டு இறக்கியவர்களும் உண்டு. இன்றைய காரில் இது இருமடங்கு தவறு. மின்னணு எரிபொருள் செலுத்தி உள்ள இயந்திரம், கியரில் இறங்கும்போது பெட்ரோலை அறவே நிறுத்திக்கொள்கிறது; நியூட்ரலில்தான் சும்மா சுழலப் பெட்ரோல் செலவாகிறது. இயந்திரத்தை அணைத்தால் பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடம் சில மிதிகளில் தீர்ந்துபோகும், ஸ்டீயரிங் கனத்துவிடும். கைப்பிடிக் காலத்துச் சிக்கன அறிவு பொத்தான் காலத்துக்கு அப்படியே வந்து சேர்ந்தது. அதன் காரணம் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது.

தேவஸ்தானம் கையாண்ட வழி வேறு. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் எனக் குறைந்தபட்சப் பயண நேரம் வகுக்கப்பட்டது. முந்தி வருபவருக்குத் தண்டம். வேகத்தைக் கட்ட இது நல்ல ஏற்பாடு. ஆனால் 40 நிமிடமும் பிரேக்கை மிதித்தே இறங்கியவரையும் தாழ்கியரில் இறங்கியவரையும் கடிகாரம் வேறுபடுத்திக் காட்டாது. அடிவாரத்துக்கு இருவரும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஒருவரின் சக்கரத்தில் மட்டும் கருகல் வாசம் வீசும். அலிபிரி தாண்டித் திருச்சானூர்ச் சமதளத்தில் ஓடும்போது பிரேக் ஆறி, மிதி பழையபடி இறுகிவிடும். மலைமேல் நடந்ததற்குச் சான்று எதுவும் மிஞ்சாது. இயந்திரக் கோளாறுகளில் இதைப் போலத் தடயத்தைத் தானே அழித்துக்கொள்வது குறைவு.

தானியங்கிக் கியர் கார்களிலும் தாழ்கியரைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. நெம்புகோலில் எழுதிய எழுத்தாகவோ ஸ்டீயரிங்குக்குப் பின்னுள்ள துடுப்பாகவோ அது இருக்கும். சமவெளி நகரத்தில் ஐந்தாண்டு ஓட்டியவர் அதை ஒருமுறைகூடத் தொட வேண்டியிராது. ஓட்டுநர் தேர்வும் அவரைத் தொடவைக்கவில்லை: 15ஆம் விதி கேட்கும் இறக்கம் சமவெளியூர்த் தேர்வுத் திடல்களில் பெரும்பாலும் இல்லை, எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம் கிடைத்துவிடும். புதிய கார் வாங்கியதும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முதல் கியரில் மெல்ல நகர்த்தி நசுக்கிவிட்டு, முதல் நெடும்பயணமாகத் திருமலைக்குப் புறப்படுவது வட தமிழ்நாட்டிலும் ராயலசீமையிலும் குடும்ப வழக்கம். ஆக, பலரும் சட்டம் கேட்கும் அந்தத் தேர்வைத் தம் வாழ்வில் முதன்முறையாக எழுதுவது தரிசனம் முடிந்த களைப்பில், பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்க, பழைய மலைச்சாலையின் முதல் வளைவில்தான்.